கண்ணை மூடிக்கோ, நான் இருக்கேன்ல

படம் முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும் ஒருவரும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. ‘நெடுவான்’ வரிசையில் ஒரு படம் முடிந்தால் விசில் சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போவதுதான் வழக்கம். அன்று, ஆறு பாகங்களுக்குக் கத்திப் பழகிய தொண்டைகளெல்லாம் அடைத்துப்போய்க் கிடந்தன. முன்வரிசையில் ஒருவன் மட்டும் எழுந்தான். படத்தின் நாயகியான தளபதியின் முகம் அச்சடித்த பனியனைத் தலைவழியே கழற்றிச் சுருட்டித் திரையை நோக்கி வீசினான். அது திரைவரைக்கும் போகாமல் பாதியிலேயே விழுந்தது. “துரோகி!” என்று கத்தினான். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது.

நடுவரிசையில், கணவருக்கும் மகனுக்கும் இடையில், அந்தத் துரோகியின் குரல் வாயடைத்து உட்கார்ந்திருந்தது.

குரல் என்று சும்மா சொல்லவில்லை. திரையில் தெரிந்த முகம் கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு நடிகையுடையது. இங்கே ஓடிய படத்தில் தளபதிக்கு முதல் பாகத்திலிருந்து பேசி வருகிறவர் இந்த நர்ஸம்மாதான். ஆம், நர்ஸ். வருஷம் முழுக்க அவருக்கு ஆஸ்பத்திரியில்தான் வேலை. ஆபரேஷனுக்கு வந்த குழந்தைகளை வார்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய், மயக்க மருந்து ஏறிக் கண் சொருகும் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பார். “எங்க வீட்டம்மாவுக்கு ரெண்டு தியேட்டர்லயும் டியூட்டி” என்று கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் மனிதர். பழகுகிறவன் சுவரில் கொண்டுபோய் இடிக்கப் பார்த்தாலும் சிரித்தபடியே பிரேக்கை மிதிக்கிறவர். அன்று அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

சினிமா நர்ஸம்மாவைத் தேடி வந்த கதையே ஒரு கூத்து. ஒலிப்பதிவுக் கூடத்தில் எஞ்சினியராக இருந்த ஒருவர் தன் மகளை டான்சில் ஆபரேஷனுக்குக் கூட்டி வந்திருந்தார். பிள்ளை ஆஸ்பத்திரியே அதிர அழுதது. நர்ஸம்மா குனிந்து அதன் காதில் ஏதோ சொன்னார், அழுகை நின்றது. வேறு அப்பாவாக இருந்தால் நிம்மதியாக வெளியே போய் ஒரு டீ குடித்திருப்பார். இவர் கதவோரமே நின்று அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவர் கையில் ஒரு புது விண்வெளிப் படம் இருந்தது, ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாத படம். தளபதிக்குப் பேச வந்த பெண்கள் ஒன்று அழுதார்கள், இல்லாவிட்டால் அதட்டினார்கள். “சிஸ்டர், ஒரே ஒரு நாள் வந்து பேசிட்டுப் போயிடுங்க” என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில், நர்ஸம்மா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஒரு நாள் ஏழு பாகமாக நீண்டது. எஞ்சினியர் இன்றுவரை அவரை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

முதல் பாகத்தில் ஒரு கட்டம் வரும். விண்கப்பலுக்குள் எதிரிகள் புகுந்துவிடுகிறார்கள். தளபதி, தாய் தகப்பன் இல்லாத ஒரு சின்னக் குழந்தையைக் காற்றுக் குழாய்க்குள் ஒளித்துவைக்கிறாள். அந்தக் குழந்தைதான் பிற்பாடு ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ‘சிட்டு’. மூலப் படத்தில் அந்த இடத்தில் ஏதோ ராணுவக் கட்டளை. எழுதிக் கொடுத்த வசனம் உதட்டசைவுக்குள் உட்காருவேனா என்றது. முதலில் நீண்டது, வெட்டினால் குறைந்தது. அலுத்துப்போன நர்ஸம்மா, “நான் எங்க பிள்ளைங்ககிட்ட சொல்றத சொல்லிப் பாக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு மைக் முன்னால் சொன்னார்:

“கண்ணை மூடிக்கோ. நான் இருக்கேன்ல.”

அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. படம் வந்த பிறகு அந்த வசனத்தைச் சொல்லாத வாய் கிடையாது. லாரிகளின் முதுகில் எழுதினார்கள், செல்போனில் மணியாக வைத்துக்கொண்டார்கள், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளிடம் அப்பாக்கள் சொன்னார்கள். ஒவ்வொரு பாகத்திலும் தளபதி ஓர் இடத்தில் அதைச் சொல்லுவாள். அரங்கமே சேர்ந்து கூடச் சொல்லும். ஆஸ்பத்திரியிலோ கேட்கவே வேண்டாம். “தளபதி இங்கதான் வேலை பாக்குறாங்களாமே” என்று குழந்தைகள் ஊசியைக்கூட மறந்துவிட்டு அவரைத் தேடின. நர்ஸம்மாவுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டுதான். யாருக்குத்தான் இருக்காது?

ஏழாம் பாகத்துக்கு வந்தபோது படக் கம்பெனிக்காரர்கள் கதை வெளியே கசிந்துவிடக் கூடாது என்று ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். பேசப்போகும் கூடத்தில் திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு வட்டம். அதற்குள் தளபதியின் உதடு மட்டும் தெரியும். காட்சிகளும் முன்பின்னாகக் கலைந்து வரும். யாரிடம் பேசுகிறாள், எதற்காகப் பேசுகிறாள், ஒன்றும் தெரியாது. உதடு அசைந்தால் பேசு, நின்றால் நிறுத்து, அவ்வளவுதான். வேலை முடியப்போகிற நேரத்தில் அந்த வசனம் வந்தது. நர்ஸம்மாவுக்குப் பழைய சிநேகிதியைப் பார்த்த சந்தோஷம்.

“இது சிட்டுகிட்ட சொல்றதா தம்பி?”

“எனக்கும் காட்டல சிஸ்டர்” என்றார் எஞ்சினியர். “ஆனா மூலத்துல அந்தம்மா ரொம்ப வறட்டுத்தனமா சொல்றாங்க. நாமளும் கொஞ்சம் அடக்கி வாசிப்போமா?”

“அந்தம்மா என்னைக்குத்தான் ஈரமா பேசினாங்க? நம்ம தளபதி அப்படியா?”

சொல்லிவிட்டு, தன் கைக்குள் எத்தனையோ குட்டி விரல்கள் தளர்ந்துபோனதையெல்லாம் நினைத்துக்கொண்டு, இருந்த அன்பையெல்லாம் கொட்டிப் பேசினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை பேசச் சொல்லவில்லை.

அந்த அன்புதான் சனிக்கிழமை மத்தியானக் காட்சியில் அரங்கம் முழுக்க ஒலித்தது. கப்பலில் காற்று தீர்ந்துகொண்டு வருகிறது. வளர்ந்து பெரியவளாகிவிட்ட சிட்டுவை, ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நீண்ட தூக்கத்துக்குப் படுக்கவைக்கிறாள் தளபதி. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடுகிறாள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, வரப்போகிறது என்று. நர்ஸம்மாவின் மகன் நிமிர்ந்து உட்கார்ந்து, அம்மாவின் முழங்கையை இடித்தான். அரங்கமே ஒரே குரலில் தளபதியோடு சேர்ந்து சொன்னது: “கண்ணை மூடிக்கோ. நான் இருக்கேன்ல!” சிட்டு சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். தளபதி கையை நீட்டி, கூண்டுக்குள் போகும் காற்றுக் குழாயை மூடினாள். பிறகு நீளமான நடைவழியில், திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள். படம் அத்தோடு முடிந்தது.

கூடச் சொன்ன வாய்களுக்குத்தான் முதல் அதிர்ச்சி. நாமும் சேர்ந்தல்லவா சொன்னோம் என்று ஒவ்வொருவரும் அப்படியே உறைந்துபோய்விட்டார்கள். பின்வரிசையில் ஒரு பெரிய மனிதர், மீசையெல்லாம் நரைத்தவர், குழந்தை மாதிரித் தேம்பினார்.

“அம்மா” என்றான் மகன், அவன் குரலே மாறிப்போயிருந்தது. “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“சத்தியமா தெரியாதுடா.”

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் முன்னால் இருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பினாள். அந்தக் குரலை யாருக்குத்தான் தெரியாது? அவள் தன் குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, நர்ஸம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். நர்ஸம்மா எழுந்துகொண்டார். கணவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் முழுக்க மகன் செல்போனும் கையுமாகக் கிடந்தான். ரசிகர்கள் கொந்தளித்துப்போயிருந்தார்கள். ‘இருபது வருஷம் தாய் மாதிரி நம்பினோம்’ என்று ஒருவன். ‘இனிமேல் என் வாழ்க்கையில் நெடுவான் கிடையாது’ என்று ஒருவன். அவனே அடுத்த பாகம் எப்போது என்றும் கேட்டிருந்தான். ஆனால் நர்ஸம்மாவைத் தூக்கிவாரிப் போட்டது வசவு இல்லை, பாராட்டு.

“இதைக் கேளும்மா. ‘மூலத்துல பாத்தவங்களுக்குக் கோபம்தான் வருது. நம்ம மொழியில பாத்தவங்களுக்கு ஈரக்குலையே நடுங்குது. இவ்வளவு பாசமா பேசிக்கிட்டே ஒருத்தி கொல்லுவாளா? இந்தக் குரலுக்குக் கோயில் கட்டணும்’னு எழுதியிருக்கான்.”

எஞ்சினியரும் போன் பண்ணினார். “சிஸ்டர், கம்பெனிக்காரங்களே அசந்துட்டாங்க!”

“தம்பி, நான் பாசமாத்தானே சொன்னேன்?”

“அதான் சிஸ்டர் அவ்வளவு பயமா இருக்கு.”

நர்ஸம்மா போனை வைத்துவிட்டுச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வார்த்தை சினிமாக்காரர்களுடையது இல்லையே, தன்னுடையது அல்லவா? நாளைக்குக் காலையில் அதே வார்த்தையை வைத்துக்கொண்டுதானே பிழைப்பு நடத்த வேண்டும்?

நாளைக் காலைப் பட்டியலில் முதல் ஆளே ஓட்டைப்பல் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. முன்பல் இரண்டும் விழுந்த சின்னப் பெண். பெயர் வைத்தது அவர்தான். டான்சில் வீங்கி, தூங்கும்போது மூச்சு முட்டுகிறது. போன வாரம் பரிசோதனைக்கு வந்திருந்தபோது, “என்னைத் தளபதிதான் தூங்க வைக்கணும். வேற யாரும் கிட்ட வரக் கூடாது” என்று டாக்டரையே மிரட்டிவிட்டுப் போயிருந்தாள். அவள் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஆபரேஷனுக்கு முன்னால் பிள்ளையைக் குஷிப்படுத்துவோம் என்று ஞாயிற்றுக்கிழமை அவளை எங்கே கூட்டிக்கொண்டு போனார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

திங்கட்கிழமை காலையில் மயக்க மருந்து டாக்டர் எதிர்ப்பட்டதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. “ஏன் சிஸ்டர் அப்படிப் பண்ணீங்க?” என்றார். படித்த மனிதர், தலையில் வழுக்கை வேறு. அவருக்கே இந்தக் கதி.

வார்டு வாசலில் நர்ஸம்மாவைப் பார்த்ததும் ஓட்டைப்பல் அப்பாவின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

“இவங்க வேணாம்பா.”

“தங்கம்...” என்று நர்ஸம்மா வாயெடுத்ததுதான் தாமதம், பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறியது. எத்தனையோ குழந்தைகள் அவர் முன்னால் அழுதிருக்கின்றன. ஊசிக்கு, கத்திக்கு, அம்மா இல்லாததற்கு. அவரைப் பார்த்து அழுத முதல் குழந்தை இதுதான். யாரோ கன்னத்தில் ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது.

இன்னொரு நர்ஸ் வந்து பார்த்தாள். டாக்டரே வந்து பொம்மை காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. தூங்கச் சொல்கிற யாரையும் நம்பக் கூடாது என்று அவளுக்குப் புரிந்துபோயிருந்தது.

“நாலு பேர் பிடிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்” என்றார் டாக்டர் தணிந்த குரலில். “ஆனா இப்படி அழுதுகிட்டே மருந்து கொடுத்தா தொண்டையில சளி கட்டும். எனக்கு மனசில்லை. திருப்பி அனுப்பவும் பயமா இருக்கு. ஏற்கெனவே மூச்சு அடைக்குது.”

“சிஸ்டர், நீங்கதான் எப்படியாவது...” என்றார் அப்பா. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது போலும், பாதியில் நிறுத்திவிட்டார்.

“கொஞ்சம் நேரம் கொடுங்க டாக்டர்” என்று கேட்டுக்கொண்டு நர்ஸம்மா நடைவழியில், பிள்ளைக்கு எட்டாத தூரத்தில், தரையில் உட்கார்ந்தார். பேசவில்லை. பேசிப் பேசியே பெயர் வாங்கிய மனுஷிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். ஓட்டைப்பல்லின் அழுகை விம்மலாகி, விம்மல் மூக்கை உறிஞ்சுவதாகக் குறைந்தது. கடைசியில் அவளே கேட்டாள்.

“சிட்டு சாகப்போறான்னு உங்களுக்குத் தெரியுமா?”

நர்ஸம்மா இல்லை என்று தலையாட்டினார்.

“பொய்! நீங்கதானே பேசினீங்க?”

நர்ஸம்மா பக்கத்தில் மேஜை மேல் கிடந்த ஒரு தாளை எடுத்தார். நடுவில் விரலால் ஓட்டை போட்டு முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஓட்டை வழியாக உதடு மட்டும் தெரிந்தது.

“எனக்கு இவ்வளவுதான் காட்டினாங்க” என்றார், உள்ளே போன குரலில். “இப்ப நான் என்ன பண்றேன்னு சொல்லு பாப்போம்.”

ஓட்டைப்பல் ஒரு அடி முன்னால் வந்து உற்றுப் பார்த்தாள். “சிரிக்கிறீங்க.”

நர்ஸம்மா தாளை இறக்கினார். உதடு சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கன்னம் வழியாக முகவாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. “அப்ப... உங்களையும் ஏமாத்திட்டாங்களா?”

“ஆமா தங்கம்.”

இந்த முறை அவள் காதைப் பொத்தவில்லை. கொஞ்சம் யோசித்தாள். அப்புறம், பெரியவர்கள் யாரும் அந்த அம்மாளிடம் இதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

“நான் தூங்கினதுக்கு அப்புறம் நீங்க எங்க இருப்பீங்க?”

வழக்கமாகத் தான் செய்வதை நர்ஸம்மா நினைத்துப் பார்த்தார். கண் சொருகியதும் கையை மெல்ல விடுவிப்பார். கதவைத் திறந்துகொண்டு இதே நடைவழியில் அடுத்த குழந்தையைக் கூட்டி வரப் போய்விடுவார். விழிக்கும் இடம் வேறு அறை, அங்கே வேறு நர்ஸ். திரும்பிப் பார்க்க நேரம் ஏது? இத்தனை வருஷமாக எத்தனை குழந்தைகளிடம் ‘நான் இருக்கேன்ல’ என்று சொல்லியிருப்பார்! ஒரு குழந்தை விழிக்கும்போதுகூட அவர் பக்கத்தில் இருந்ததில்லை. சனிக்கிழமை திரையில் தளபதி நடந்த அந்த நடை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்ததே, அது தன்னுடைய நடைதான் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“அடுத்த பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போயிடுவேன்” என்றார்.

டாக்டர் கண்ணாலேயே முறைத்தார். லிஃப்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தளபதி மாதிரியே” என்றாள் ஓட்டைப்பல்.

“ஆமா. தளபதி மாதிரியே.”

“இன்னைக்கும் போவீங்களா?”

“போகமாட்டேன்.”

“எப்படி நம்புறது?”

நியாயமான கேள்விதானே? நர்ஸம்மா சட்டைப் பையிலிருந்து காயத்துக்குச் சுற்றும் துணிச்சுருள் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். “நீயே கட்டு. உன் கையையும் என் கையையும் சேத்துக் கட்டு. முடிச்சை நீயே போடு.”

ஓட்டைப்பல் நாக்கைத் துருத்திக்கொண்டு, சுற்றிச் சுற்றிக் கட்டினாள். செருப்பு வாருக்குப் போடுகிற முடிச்சு, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் பெயரில்லாத ஒன்று.

“நான் முழிக்கிறப்போ என் முடிச்சு இப்படியே இருக்கணும். அவுத்து வேற போட்டா எனக்குத் தெரியும். அப்புறம், நீங்க பேசவே கூடாது.”

“சிஸ்டர், அடுத்த கேஸுக்கு யார் போறது?” என்று டாக்டர் முணுமுணுத்தார்.

“யாரையாவது அனுப்புங்க டாக்டர். நீங்களே போனாலும் சரி.”

ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து முகமூடியை வைத்தபோது ஓட்டைப்பல் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்த அந்த வார்த்தைகளை நர்ஸம்மா பல்லைக் கடித்து விழுங்கினார். முகமூடியோடு மாட்டியிருந்த பலூன் அவள் மூச்சுக்கு ஊதி ஊதி இறங்கியது. யாரும் மூடிக்கச் சொல்லாமலே அந்தக் கண்கள் மூடின.

கட்டிய கையோடு, ஒரு முக்காலியில், ஆபரேஷன் முடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போயிற்று. பிறகு கட்டிலோடு கட்டிலாக நடந்து ரெக்கவரி ரூமுக்குப் போனார். அந்த அறைக்கு அவர் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அடுத்த கட்டிலில் ஒரு சின்னப் பையன் விழித்துக்கொண்டிருந்தான். விழித்ததும் தலையைத் திருப்பி, பக்கத்தில் யாரையோ தேடினான். இல்லை என்றதும் உதடு பிதுங்கியது.

“யாரைத் தேடுறான்?” என்று கேட்டார் நர்ஸம்மா.

அங்கே இருந்த நர்ஸ் சாதாரணமாகச் சொன்னாள். “உங்களைத்தான்க்கா. எல்லாப் பிள்ளையும் முழிச்சதும் ‘அந்த ஆன்ட்டி எங்க’ன்னுதான் கேக்கும். சாப்பிடப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்கன்னு சொல்லி வெப்போம். அப்புறம் அதுங்க மறந்துரும்.”

“ஏன்மா இதை என்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீங்க கேக்கவே இல்லையேக்கா.”

ஊரே கோயில் கட்டச் சொன்ன குரல். அதை நம்பித் தூங்கிய பிள்ளைகளுக்கு, யார் யாரோ பொய் சொல்லி நர்ஸம்மாவைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பையன் பக்கம் எட்டிப் போகலாம் என்றால் கை கட்டிக் கிடந்தது. இருந்த இடத்திலிருந்தே மற்றக் கையை நீட்டி அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். பையன் தேடுவதை நிறுத்தினான்.

ஓட்டைப்பல் அசைந்தாள். இமை பிரிந்தது, மூடியது, மறுபடி பிரிந்தது. முதலில் அவள் அவரைப் பார்க்கவில்லை, முடிச்சைத்தான் பார்த்தாள். செருப்பு முடிச்சு, அதன் மேல் ஒன்று, அதன் மேல் பெயரில்லாத ஒன்று. விரலால் தடவிச் சரிபார்த்தாள். அப்புறம் கண்ணை உயர்த்தினாள். தொண்டைப் புண்ணோடு, காற்றாக வந்தது குரல்.

“இப்ப பேசலாம்.”

பேச எவ்வளவோ இருந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த வசனம் ஒன்று இருந்தது. அது அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அழுது கட்டிப்போன, தளபதியுடையது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரு குரலில், அத்தனை வருஷ வேலையில் ஒரு குழந்தையிடமும் கேட்டிராததை நர்ஸம்மா முதல் தடவையாகக் கேட்டார்.

“முழிச்சிட்டியா, தங்கம்?”